கடலில்லாத ஊரில் ஒரு கடல் நிலையம்

ஹைதராபாத்திலிருந்து கடலுக்கு நேர்கோட்டில் அளந்தாலும் 250 கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்த ஊரில்தான் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாகச் சொன்னால் இன்காய்ஸ், 1999-இல் தொடங்கப்பட்டது. கடல் நிறுவனத்துக்குச் சென்னையோ கொச்சியோ விசாகப்பட்டினமோ கிடைக்கவில்லையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். விடை ஹைதராபாத்துக்குத் தெற்கே, ஷாத்நகரில் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவுகளை இறக்கும் நிலத்தளம் அங்கேதான் இருந்தது. அதை நடத்திய தேசியத் தொலையுணர்வு முகமையும் அதே நகரத்தில் இருந்தது. இன்காய்ஸின் முதல் வேலை கடலின் மேற்பரப்பு வெப்பநிலையை வானிலிருந்து அளந்து, அந்த அளவை மீனவருக்குப் பயன்படும் செய்தியாக மாற்றுவது. அதற்கு அன்று துறைமுகத்தைவிட ஆண்டெனா முக்கியம்.

2024-இல் கால் நூற்றாண்டை நிறைவுசெய்த இந்த நிறுவனத்தின் வரலாற்றைப் பல விதமாக எழுதலாம். சுனாமி எச்சரிக்கை மையமாகத்தான் மக்கள் அதை அதிகம் அறிவார்கள். ஆனால் அதன் அன்றாட உழைப்பைப் பார்த்தால் ஒரு பழைய எதிரியோடு நடத்திய போராட்டம் தெரிகிறது. அந்த எதிரி மேகம். நம் கடல்கள் ஆண்டிலேயே அதிகமாக மாறுவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில். அதே மாதங்களில்தான் மேகம் கடலை மூடி, செயற்கைக்கோளின் கண்ணை மறைக்கிறது. இந்த இடைவெளியை அடைக்க எடுத்த முயற்சிகள்தான் இந்த நிறுவனத்தை வளர்த்தன.

வாளியில் தொடங்கிய கணக்கு

செயற்கைக்கோளுக்கு முன் கடலின் வெப்பநிலையை அளந்தவர்கள் மாலுமிகள். கித்தான் வாளியைக் கடலில் இறக்கி, நீரை மொண்டு, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பார்கள். பிற்காலத்தில் கப்பல் இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளிழுக்கும் நீரின் வெப்பநிலையைக் குறித்தார்கள். இரண்டு முறையிலும் குறை உண்டு. வாளி நீர் மேலே வருவதற்குள் காற்றில் சற்றுக் குளிர்ந்துவிடும். இயந்திரத்துக்கு வரும் நீர் சற்றுச் சூடேறிவிடும். இவற்றைவிடப் பெரிய குறை, கப்பல் போகும் தடத்தில் மட்டும்தான் அளவு கிடைக்கும் என்பது. கொந்தளிக்கும் பருவக்காற்றுக் காலத்தில் அந்தத் தடத்திலும் கப்பல்கள் குறையும்.

இந்தியப் பெருங்கடலை முறையாக அளந்தறியும் பெருமுயற்சி 1960-களின் முற்பாதியில் நடந்தது. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் என்ற பெயரில் பல நாட்டுக் கப்பல்கள் இந்தக் கடலில் அலைந்து அளவெடுத்தன. அதன் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1-இல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. இன்று அது கோவாவில் இயங்குகிறது. அந்தப் பயணத்தின் அளவுகளைக் கடலியலாளர் கிளவுஸ் விர்ட்கி 1971-இல் ஒரு பெரிய வரைபடத் தொகுப்பாக வெளியிட்டார். எந்த மாதத்தில் எந்தக் கடல் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டினார்கள். ஆயினும் அது சராசரிகளின் தொகுப்பு. இந்த வாரம் கடல் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வானிலிருந்து வந்த அளவு

அந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்காவின் நோவா வரிசைச் செயற்கைக்கோள்களில் இருந்த ஏவிஹெச்ஆர்ஆர் என்ற கருவி. 1978-இல் டைரோஸ்-என் என்ற செயற்கைக்கோள் அதை முதலில் சுமந்து சென்றது. 1981 ஜூனில் ஏவப்பட்ட நோவா-7 ஐந்து அலைவரிசைகள் கொண்ட மேம்பட்ட வடிவத்தைக் கொண்டு சென்றது. உலகக் கடல் வெப்பநிலையின் இடைவிடாத செயற்கைக்கோள் பதிவு அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

கருவி வேலைசெய்யும் முறை எளிது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடும். கடலும் அப்படியே. கருவி அந்தக் கதிரை அளந்து வெப்பநிலையைக் கணிக்கிறது. சிக்கல் நடுவில் இருக்கும் காற்றால் வருகிறது. அதிலுள்ள நீராவி கதிரில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் கடல் உண்மையைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். வெப்பமண்டலக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நம் கடல்களில் இந்தப் பிழையும் அதிகம். இதற்குக் கண்ட வழி, சுமார் 11 மைக்ரான், 12 மைக்ரான் என்ற அடுத்தடுத்த இரண்டு அலைநீளங்களில் அளப்பது. நீராவி இந்த இரண்டையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து எவ்வளவு இழப்பு என்று கணக்கிட்டுத் திருத்தலாம். இந்தத் திருத்தத்துக்குப் பின் பிழை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்தது. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீள அகலமுள்ள கட்டங்களாகக் கடலைப் பிரித்து, ஒரு செயற்கைக்கோள் நாளுக்கு இருமுறை அளந்தது.

திருத்தத்துக்கும் எல்லை உண்டு என்பதை 1982 உணர்த்தியது. அந்த ஆண்டு மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் துகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பரவியது. செயற்கைக்கோள் கணக்கு கடலைப் பல டிகிரி குறைத்துக் காட்டியது. பசிபிக்கில் பெரியதொரு எல் நினோ, அதாவது கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு, உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது. மேலிருந்து வந்த அளவுகள் அதைக் காட்டத் தவறின. வானிலிருந்து அளப்பதை நீரிலிருந்து அளப்பதோடு ஓயாமல் ஒப்பிட வேண்டும் என்ற பாடம் அன்று கிடைத்தது. அரபிக்கடல் மீது கோடையில் பரவும் பாலைவனத் தூசும் இதே தொல்லையைச் சிறிய அளவில் ஆண்டுதோறும் தருகிறது.

ஷாத்நகரில் இறங்கிய படங்கள்

இந்திய அரசு 1981-இல் கடல் மேம்பாட்டுத் துறையைத் தனியாக அமைத்தது. அத்துறையும் விண்வெளித் துறையும் சேர்ந்து, நோவா செயற்கைக்கோள் தரவிலிருந்து மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைக் குறிக்கும் திட்டத்தை வகுத்தன. 1990-களின் தொடக்கத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை அந்த வரைபடங்களைக் கடலோர மாநிலங்களுக்கு அனுப்பியது.

இதற்கு அடிப்படையான அறிவு மீனவருக்குப் புதிதல்ல. குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் விளிம்பில் மீன் கூடும். அடியிலிருந்து மேலெழும் குளிர்நீர் உப்புச் சத்துகளைக் கொண்டுவரும். சூரிய ஒளியில் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்ன நுண்விலங்குகளும், அவற்றைத் தின்னச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தேடிப் பெருமீன்களும் வரும். செயற்கைக்கோள் மீன் மாப்பை, அதாவது மீன் கூட்டத்தை, பார்ப்பதில்லை. மாப்பு வந்து சேரக்கூடிய விளிம்பைத்தான் பார்க்கிறது. ஆகவே அறிவிப்பில் சொல்லப்படுவது வாய்ப்பு மட்டுமே. எந்த மீன், எவ்வளவு என்ற உறுதி அதில் இல்லை.

1999-இல் இன்காய்ஸ் உருவானதும் இந்தச் சேவை அதன் பொறுப்புக்கு வந்தது. முதல் இயக்குநர் கே. ராதாகிருஷ்ணன். பின்னாளில் இஸ்ரோவின் தலைவரானவர். அதே 1999-இல், மே 26 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-1 ஏவப்பட்டது. அதிலிருந்த ஓசிஎம் கருவி கடலின் நிறத்தை அளந்தது. நிறத்திலிருந்து பச்சையத்தின் அளவு தெரியும், பச்சையத்திலிருந்து பாசியின் பெருக்கம் தெரியும். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் வெப்பநிலை விளிம்பையும் பச்சைய விளிம்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முறை உருவானது. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் அங்கே மீனுக்கான வாய்ப்பு கூடுதல். அந்த ஆய்வில் பங்குகொண்ட ஷைலேஷ் நாயக் பின்னர் இன்காய்ஸின் இயக்குநராகவும் புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலராகவும் ஆனார். இந்திய மீன்வள அளவைத் துறையின் கப்பல்கள் அறிவிப்புகளைக் கடலில் சோதித்துப் பார்த்தன.

ஓர் ஆண்டின் வரைபடம்

படங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தபோது மீன்பிடிப்புக்கு அப்பாலும் ஒரு பயன் கிடைத்தது. நம் இரு கடல்களும் ஆண்டு முழுதும் எப்படி மாறுகின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

தை, மாசியில் வட அரபிக்கடலின் மீது வறண்ட வடகிழக்குக் காற்று வீசும். நீர் ஆவியாகிக் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்கும். மன்னார் வளைகுடாவும் இந்த மாதங்களில் சுற்றியுள்ள கடலைவிடக் குளிர்ந்து தெரியும். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள தாழ்ந்த வழியாகப் பாய்ந்து வரும் வாடைக்காற்றுதான் அதற்குக் காரணம்.

சித்திரை, வைகாசியில் வானம் தெளிந்து, காற்று ஓய்ந்து, கடல் சூடேறும். லட்சத்தீவுக்கு அருகில் தென்கிழக்கு அரபிக்கடலில் 30 டிகிரியைத் தாண்டும் ஒரு வெப்பத் திட்டு உருவாகும். பருவமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் உலகக் கடல்களிலேயே மிகச் சூடான இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனியில் எல்லாம் தலைகீழாக மாறும். சோமாலியாவை ஒட்டிப் பாயும் வலிய காற்று அங்கே ஆழ்நீரை மேலே இழுக்கும். அந்தக் கரையோரத்தில் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே போகும். அரபிக்கடலின் நடுப்பகுதியும் சில டிகிரி குளிரும். வங்கக்கடலோ அதே நாட்களில் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகளும் மழையும் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் மிதப்பதால், காற்று அடித்தாலும் அடிநீர் எளிதில் மேலே கலப்பதில்லை. இந்த 28 டிகிரி சாதாரண எண் அல்ல. அதற்கு மேற்பட்ட கடற்பரப்பில்தான் உயரமான மழைமேகங்கள் எளிதாகத் திரளுகின்றன என்று சுலோச்சனா காட்கில், பி.வி. ஜோசப், என்.வி. ஜோஷி ஆகிய ஆய்வாளர்கள் 1984-இல் காட்டினார்கள். வங்கக்கடல் ஏன் காற்றழுத்தத் தாழ்வுநிலைகளின் தொட்டிலாக இருக்கிறது என்பதற்கு இதில் பாதி விடை உண்டு.

வழக்கம் தெரிந்தால்தான் வழக்கம் மீறியது தெரியும். 1999-இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகிய ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வை அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் சுமத்திராவை ஒட்டிய கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் ஆப்பிரிக்காவை ஒட்டிய கடல் வழக்கத்தைவிடச் சூடாகவும் மாறுவதை அவர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழைக்கும் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் மழை பற்றிய செய்திகளில் இன்று இருமுனை என்ற சொல் அடிபடுகிறது.

மேகத்தைத் துளைத்த கண்

மேலே சொன்ன வரைபடத்தில் ஆனி, ஆடிப் பகுதி நெடுங்காலம் ஓட்டையாகவே இருந்தது. அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் தாண்டி வராது. 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய டிஆர்எம்எம் செயற்கைக்கோள் இந்த நிலையை மாற்றியது. அதிலிருந்த டிஎம்ஐ கருவி நுண்ணலையில் அளந்தது. மழை இல்லாத மேகம் நுண்ணலைக்குத் தடை அல்ல. பருவக்காற்று உச்சத்தில் இருக்கும்போது நம் கடல்களின் வெப்பநிலையை வானிலிருந்து தொடர்ந்து பார்க்க அப்போதுதான் முடிந்தது. 2002-இல் ஏஎம்எஸ்ஆர்-இ, 2012-இல் அதன் வாரிசான ஏஎம்எஸ்ஆர்-2 இந்தப் பணியைத் தொடர்ந்தன. நம் ஓஷன்சாட்-1-இலும் எம்எஸ்எம்ஆர் என்ற நுண்ணலைக் கருவி இருந்தது.

புதிய கண் காட்டியவற்றுள் ஒன்று நம் வாசலிலேயே இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கன்னியாகுமரியைச் சுற்றிக் குளிர்நீர்த் திட்டு ஒன்று உருவாகி, அதன் நீர் இலங்கைக்குத் தெற்கே சென்று வங்கக்கடலின் நடுத் தெற்குப் பகுதிவரை நுழைகிறது. இதை ஆர்.ஆர். ராவும் உடன் ஆய்வாளர்களும் டிஎம்ஐ தரவுகளைக் கொண்டு 2006-இல் விவரித்தார்கள். ஆடி மாதக் கச்சான் காற்றில் குளச்சல் கடல் குளிர்வதை அங்குள்ள மீனவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். அந்தக் குளிர் எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதை செயற்கைக்கோள் அளந்து சொன்னது.

ஆனால் நுண்ணலைக்கும் குறைகள் உண்டு. அதன் ஒரு கட்டம் பல பத்துக் கிலோமீட்டர் அகலமுடையது. கரையை ஒட்டிய பகுதியில் நிலத்தின் கதிர் கலந்துவிடுவதால் அங்கே அளவு பயன்படாது. மழை பெய்யும் இடத்திலும் பயனில்லை. இருந்தும் பருவமழையைக் கணிப்பவருக்கு நுண்ணலை அளவு வரப்பிரசாதம். கரையிலிருந்து 30, 40 கிலோமீட்டருக்குள் தொழில் செய்யும் நாட்டுப்படகு மீனவருக்கு இதனால் நேரடிப் பயன் மிகக் குறைவு. நுணுக்கமாகப் பார்க்கும் கருவியை மேகம் மறைக்கிறது. மேகத்தைத் துளைக்கும் கருவிக்குக் கரை தெரியவில்லை. எந்த ஒரு செயற்கைக்கோளும் தனித்து இந்த வேலையை முடிக்காது என்பது இன்காய்ஸ் தொடக்க ஆண்டுகளிலேயே கற்ற பாடம்.

தண்ணீருக்குள் சாட்சி

எனவே கடலுக்குள்ளேயே அளவெடுப்பவை தேவைப்பட்டன. சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்டு இன்று பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், 1990-களின் இறுதியிலிருந்து வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தி வருகிறது. காற்று, அலை, நீரின் வெப்பநிலை, உப்பு ஆகியவற்றை அவை அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகின்றன. மேகம் சூழ்ந்த நாளிலும், புயல் அடிக்கும் இரவிலும் வேலை நிற்காது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலில் பல நாடுகள் கூடி நிறுவிய ராமா மிதவை வரிசையிலும் இந்தியாவுக்குப் பங்குண்டு.

இவற்றோடு ஆர்கோ மிதவைகள். அவை நங்கூரமின்றி மிதந்து, 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, ஏறத்தாழ பத்து நாளுக்கொருமுறை மேலே வந்து தாம் அளந்ததை அனுப்புபவை. இந்தியப் பெருங்கடலுக்கான ஆர்கோ தரவு மையமாக இன்காய்ஸ் செயல்படுகிறது. அப்பணியை அங்கே முன்னின்று நடத்திய எம். ரவிச்சந்திரன் பின்னர் புவி அறிவியல் அமைச்சகத்தின் செயலரானார்.

மேற்பரப்பின் மெல்லிய தோலை மட்டுமே செயற்கைக்கோள் பார்க்கிறது. அகச்சிவப்புக் கருவி உணர்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள படலத்தின் சூட்டை. காற்றில்லாத நண்பகலில் அந்தப் படலமும் அடுத்துள்ள நீரும் கீழே உள்ள நீரைவிட நன்கு சூடாக இருக்கும். இரவில் அந்த வேறுபாடு சுருங்கும். மிதவையின் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே வானின் அளவு நம்பத்தக்கதாகிறது. செயற்கைக்கோள், மிதவை, கப்பல் மூன்றின் அளவுகளையும் தரமறிந்து கலந்து, விடுபட்ட இடத்தை இட்டு நிரப்பித்தான் இன்றைய நாள்தோறும் வரும் வரைபடங்கள் தயாராகின்றன. பருவமழைக் கணிப்பு மாதிரிகளுக்கும் இத்தகைய கலவை அளவுகளே தொடக்கப் புள்ளி.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்த நிறுவனத்தின் பொறுப்பு பலமடங்கு கூடியது. 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அங்கே செயல்படத் தொடங்கியது. அது தனிக் கட்டுரைக்குரியது.

கரைக்குப் போன செய்தி

அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் படகு புறப்படும் முன் கரைக்கு வராவிட்டால் வீண். தொடக்கத்தில் வரைபடங்கள் தொலைநகலில் போயின. பிறகு தொலைபேசி, மீன்பிடித் துறைமுகங்களில் மின்னணு அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி, செயலி என வழிகள் பெருகின. வாரம் மூன்று நாள் வந்த அறிவிப்பு பின்னர் நாள்தோறும் வரத் தொடங்கியது. கடற்கரை முழுதும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தமிழகம் வட தமிழ்நாடு, தென் தமிழ்நாடு என இரண்டாக வருகிறது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும்படி, ஒவ்வோர் இறங்குதளத்திலிருந்தும் எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று உள்ளூர் மொழியிலேயே சொல்லப்படுகிறது. தமிழிலும் உண்டு.

இந்தக் கடைசிக் கட்டப் பயணத்தில் தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் தனி இடம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் இறுதியில் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் கிராம அறிவு மையம் தொடங்கி, அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த மீனவ நண்பன் செயலி இன்காய்ஸின் அறிவிப்புகளைக் கைப்பேசியில் தருகிறது.

கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டியவருக்கு என்ன வழி என்ற கேள்வியை 2017-இன் ஒக்கி புயல் கடுமையாக எழுப்பியது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் குமரி மாவட்ட மீனவர்களை எச்சரிக்கை சென்று சேரவில்லை. உயிரிழப்பு பெரிது. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. ககன் என்ற வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் எச்சரிக்கையையும் மீன்பகுதி அறிவிப்பையும் அது ஆழ்கடலிலும் பெற்றுத் தரும். படகிலிருந்து கரைக்குப் பேச அதனால் முடியாது. ஒருவழிச் செய்தி மட்டுமே. அந்தக் குறையைத் தீர்ப்பது இன்னும் முடிக்க வேண்டிய கடமை.

இனி வரும் ஆண்டுகள்

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி சூடேறியது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை கூறுகிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. இதன் விளைவை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் முதலில் காட்டின. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அவை வெளுத்தன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தாங்காது. 2011 முதல் இன்காய்ஸ் தரும் பவள வெளுப்பு எச்சரிக்கை இந்தக் கணக்கின் மீதே நிற்கிறது. 2022 நவம்பர் 26-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3, கடல் நிறம் அளக்கும் கருவியோடு வெப்பநிலை அளக்கும் கருவியையும் சேர்த்தே கொண்டு சென்றது.

செயற்கைக்கோள்கள் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஒவ்வொன்றின் அளவும் முந்தையதிலிருந்து சற்று மாறும். அவற்றைத் தையல் தெரியாமல் இணைத்து நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரே பதிவாகக் காப்பது நிறுவனங்களின் வேலை. கடல் உண்மையில் சூடேறியதா, கருவி மாறியதால் அப்படித் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்ல அந்தப் பதிவு வேண்டும். இன்காய்ஸின் பெருமை எந்த ஒரு கண்டுபிடிப்பிலும் இல்லை. ஒரு சிறு சேவையை அரசுகள் மாறினாலும் கருவிகள் மாறினாலும் விடாமல் நடத்தியதில் இருக்கிறது.

இதைப் படிக்கும் கடலோர மக்களுக்கு இரண்டு வேண்டுகோள். கடலில் தென்படும் மிதவையில் படகைக் கட்டாதீர்கள், அதன் கம்பியையும் கருவியையும் எடுக்காதீர்கள். அதைச் சுற்றி மீன் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மிதவை அறுந்தால், மேகம் மூடிய நாட்களில் அந்தக் கடலின் நிலையைச் சொல்ல ஆளில்லாமல் போகும். அடுத்து, அறிவிப்பை நம்பிப் போன இடத்தில் மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட்டீர்கள், என்ன கிடைத்தது என்று மீன்வளத் துறை அலுவலகத்திலோ செயலியிலோ தெரிவியுங்கள். அந்தப் பதில் இல்லாமல் இந்தச் சேவை திருந்தாது.